கார்டுக்குப் போன முடிவெட்டுக் காசு

1

“யாரைக் கேட்டுக்கிட்டு முடி வெட்டிட்டு வந்தீங்க?”

“என் தலையில முடி வெட்டிக்கறதுக்கு ஊரைக் கேட்கணுமா?”

“ஊரைக் கேட்க வேண்டாம். வீட்டுல ஒருத்தி இருக்கா.”

“இப்ப என்ன, கார்டைத் தேய்ச்சிட்டேன்னுதானே கத்தறே? அதான் கடன் மொத்தமும் முடிஞ்சிருச்சே. போன வாரம் நீயும் நானும் சேர்ந்துதானே கடைசிப் பணத்தைக் கட்டினோம்?”

“நான் கத்தல.”

கத்தினாள். நான் சாட்சி.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான். என் சமையலறை ஜன்னலும் அவர்கள் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவே காற்று வருவதற்காகக் கட்டடக்காரர் விட்ட இடைவெளியில் காற்றைத் தவிர எல்லாம் வரும். ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழவில்லை, அதனால் குழாயை மூடினேன். அவ்வளவுதான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தக்கபடி ஃப்ரேமை வளைத்துக் கொடுக்கிறவள். அந்த வீட்டில் மூன்றாவதாகக் கணவரின் தங்கை இருந்தாள், மருந்துக்கடையில் வேலை. கதையில் பாதி ஜன்னல் வழியாக வந்தது, மீதிப் பாதி அந்தத் தங்கை வழியாக.

2

இதற்கு முன் எழுதி அடித்த தொடக்கங்களையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். நீங்களும் பார்க்க வேண்டாமா?

‘ஞாயிற்றுக்கிழமை காலை வெயில், மாடிப் படிகளின் மேல் ஒரு பூனையைப் போல’ (வேண்டாம். இந்தக் கட்டடத்தில் பூனை கிடையாது. வெயிலும் கிடையாது.)

‘கடன் என்பது மனிதனை’ (வேண்டவே வேண்டாம். கடன் வாங்காத வீட்டுக்காரர்தான் இப்படித் தொடங்குவார்.)

‘அவளுக்குத் தன் கணவரின் தலையைப் பின்பக்கத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும்.’

இது உண்மை. ஆனால் இதை முதலிலேயே சொன்னால் பிறகு சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. அதனால் சண்டையிலிருந்து தொடங்கினேன். சண்டை என்றால் யாராக இருந்தாலும் நின்று பார்ப்பார்கள். நான் குழாயை மூடவில்லையா?

3

கடன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊதாரிகள் இல்லை, குடியில்லை, சூதில்லை. சமாதானத்தால் வந்தது.

லிஃப்ட்காரருக்கு மன்னிப்புக் கேட்க வராது. வாய் வரைக்கும் வரும், பாதி மாடியில் நின்ற லிஃப்ட் மாதிரி அங்கேயே நின்றுவிடும். சண்டை போட்ட மறுநாள் ஏதாவது ஒரு பொருள் வீட்டுக்கு வந்து இறங்கும். அவளுடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார், மிக்ஸி வந்தது. கல்யாண நாளை மறந்தார், சோபா வந்தது, கதவில் நுழையாமல் ஒரு கையைக் கழற்றி மாட்டினார்கள். எதற்கென்றே தெரியாத ஒரு பெரிய சண்டைக்குச் சுவர் அளவு டிவி வந்தது. எல்லாம் கிரெடிட் கார்டில். மாதாமாதம் ‘குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்’ என்று வங்கியிலிருந்து செய்தி வரும். போதும் என்கிறார்களே என்று இவரும் அவ்வளவே கட்டினார். மீதி வட்டி போட்டுக் குட்டி போட்டது.

(சமாதானப் பொருள்கள் என்ற பட்டப்பெயர் நான் வைத்ததில்லை, தங்கை வைத்தது. “எங்க அண்ணன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த டிவி வந்திருக்காதுக்கா” என்றாள். சொல்லிவிட்டு அந்த டிவியில்தான் தொடர் பார்த்தாள்.)

ஒரு நாள் வசூல்காரர் கண்ணாடிக் கடைக்கே போன் செய்துவிட்டார், முதலாளி எடுத்திருக்கிறார். அன்றோடு வீட்டு நிர்வாகம் அவள் கைக்குப் போனது.

அவள் முறை எளிமையானது. எதை வேண்டாம் என்று விட்டோமோ அந்தக் காசை அந்த நிமிடமே போனில் கார்டுக்குக் கட்டிவிட வேண்டும். சேர்த்துவைத்து மாதக் கடைசியில் கட்டலாம் என்றால் அது கரைந்துவிடும் என்பாள். வெளியில் குடிக்காத காப்பிக்கு ஒரு கட்டல். ஆட்டோ பிடிக்காமல் நடந்ததற்கு ஒரு கட்டல். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டி ஒரு வாரம் ஓட்டினால் அதற்கும் ஒன்று. சில்லறை சில்லறையாக வருகிற பணத்தைப் பார்த்து அந்த வங்கியின் கம்ப்யூட்டரே முகம் சுளித்திருக்கும். சோபாவை விற்றார்கள். டிவியையும் விற்றபோது தங்கை ஒரு வேளை சாப்பிடவில்லை. அந்தச் சாப்பாட்டுக் காசையும் அண்ணி கட்டிவிட்டாள் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பொய், சிரிப்புக்காகச் சேர்க்கப் பார்த்தேன்.

4

முடிக்கு வருகிறேன்.

சலூன் காசு மிச்சம் என்று அவளே அவருக்கு வெட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்குள் வெட்டினால் முடி பறக்கும் என்பதால் எங்கள் பொது நடையில்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாஸ்டிக் முக்காலி, கழுத்தில் பழைய படுக்கை விரிப்பு, கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல். முதல் தடவை வெட்டியதைப் பார்த்து மாடியே சிரித்தது. “என்ன மெக்கானிக், லிஃப்டுக்குள்ள தலையை விட்டுட்டீங்களா?” என்று நானே கேட்டேன்.

போகப்போக அவளுக்குக் கை வந்துவிட்டது. காதோரத்தில் கை வைத்தே பிழைப்பவள் அல்லவா? எல்லா இடமும் சலூனில் வெட்டியது மாதிரியே இருக்கும், ஓர் இடத்தைத் தவிர. இடது காதுக்குப் பின்னால் முடி ஏறி இறங்கி எப்போதும் ஒரு படி விழும்.

காரணம் அவர்தான். அவள் அங்கே கத்தரிக்கோலைக் கொண்டுபோகும்போது இவர் ஏதாவது சொல்லத் திரும்புவார்.

“திரும்பாதீங்க.”

“இல்ல, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நேத்து ஒரு தாத்தா மாட்டிக்கிட்டாரு...”

“திரும்பாதீங்கன்னு சொன்னேன்.”

“வெளியில எடுத்தா என்னைத் திட்டறாரு. உள்ள நல்லா தூங்கிட்டிருந்தாராம், நான் எழுப்பிட்டேனாம்.”

அவள் சிரிப்பாள். கத்தரிக்கோல் இறங்கும். படி விழும்.

ஒரு ஞாயிறு, அவர் திரும்பாமலேயே, முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு உங்கம்மாவை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். மிக்ஸி வந்து பல வருடம் ஆகியிருந்தது. அவள் அவர் கழுத்தில் ஒட்டியிருந்த முடியை வாயால் ஊதினாள். (நான் அப்போது என் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் செருப்பை அவ்வளவு சுத்தமாக நான் என்றைக்கும் தட்டியதில்லை.)

வெட்டி முடித்ததும் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவாள். சலூனுக்குப் போயிருக்க வேண்டிய காசு, கார்டுக்கு. முடி ஒட்டிய விரலால் அவர்தான் அழுத்த வேண்டும். அது அவர்கள் வீட்டுச் சட்டம்.

5

இந்த இடத்தில் அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

நான் எழுதியிருக்கும் பெண் கொஞ்சம் கறாரானவள், சோப்பை ஒட்டவைக்கிறவள். அப்படிப்பட்டவள், முடி வெட்டும் வேலை ஒழிந்தது என்று நிம்மதிப்படத்தானே வேண்டும்? லிஃப்ட்காரரும் அப்படித்தான் கணக்குப் போட்டார். பாவம், வாரம் முழுக்கக் கடையில் நிற்கிறாள், ஞாயிறாவது உட்காரட்டும் என்று நினைத்துத்தான் சலூனுக்குப் போனார். நல்ல எண்ணம்தான். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை என் பேச்சைக் கேட்கவில்லை.

அவளைக் கஞ்சப் பிசினாறியாகவும் எழுதிப் பார்த்தேன். அந்த ஊதல் குறுக்கே வந்து நின்றது. கஞ்சம் மட்டும் பிடிக்கிறவள் கழுத்து முடியை வாயால் ஊதமாட்டாள், துண்டால் தட்டிவிட்டுப் போவாள்.

6

சண்டைக்குத் திரும்புவோம். கார்டைத் தேய்த்ததும் அவள் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது, சலூன் பெயரோடு. ஆள் பின்னாலேயே வந்து நின்றார், வாசனைத் தண்ணீர் போட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒரே சீராக.

“ரெண்டு பேர் டிபன் சாப்பிடற காசு. இதுக்கா இவ்வளவு ரகளை?”

“நான் காசைப் பத்திப் பேசல.”

“பின்ன எதைப் பத்திப் பேசறே?”

அவள் சொல்லியிருக்கலாம். ‘எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும்’ என்று மூன்று சொல் போதும். அந்த மூன்றே சொல்லை நான் அவள் வாயில் வைத்து எழுதிப் பார்த்தேன். அவள் பேசுகிற மாதிரியே இல்லை, நான் பேசுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

நடந்தது என்னவென்றால், “ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க” என்றாள்.

வாங்க என்று கூப்பிட்டுவிட்டாள், சண்டை முடிந்தது என்று அவர் நினைத்தார். முடிந்த சண்டைக்கு அவர் வழக்கமாக என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே முடி வெட்டும் மெஷின். அளவு அளவாகச் சீப்புகள், சார்ஜர், பின்தலையைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி. கார்டில், தவணை முறையில்.

“பார்த்தியா? இனிமே சலூனுக்கும் போக வேண்டாம், உனக்கும் தொந்தரவு இல்ல. நானே வெட்டிக்குவேன்.”

குழாயை நான் ஏற்கெனவே மூடிவைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பெட்டியை மூடும் சத்தம் வந்தது. பிறகு, “நல்லா இருக்கு” என்று அவள் சொன்னது கேட்டது.

7

இதற்குமேல் மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவில் தங்கை குறுக்கே வந்து, “அண்ணா, உனக்கு மூளை இருக்கா?” என்று கேட்கிறாள், அவருக்குப் புரிந்துவிடுகிறது. உண்மையில் தங்கை அன்று வீட்டில்தான் இருந்தாள், சோபாவை வாங்கியவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்கா” என்று பிறகு என்னிடம் பல தடவை சொன்னாள். பிறகு சொல்லி என்ன செய்ய?

இரண்டாவதில், அடுத்த ஞாயிறு அவர் தானே முக்காலியைக் கொண்டுவந்து நடையில் போட்டு உட்காருகிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஞாயிறு நான் நடையில்தான் இருந்தேன், முக்காலி வரவில்லை. குளியலறையிலிருந்து மெஷின் சத்தம் வந்தது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, துணி வெட்டும் கத்தரிக்கோலால் பழைய படுக்கை விரிப்பை வெட்டித் துடைக்கும் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, இன்னிக்கு முடிவெட்டுக் கடை லீவா?” என்று கேட்டேன்.

“கடை மூடிட்டாங்கக்கா” என்றாள். சிரித்தாள் என்றுதான் எழுத வேண்டும், உதடு அப்படித்தான் போனது.

மூன்றாவது முடிவு

(முடிக்கவில்லை.)

8

பிறகு யார் யார் எங்கே போனார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அது என்னால் முடியும்.

கண்ணாடிக் கடைக்காரர் வேறு ஊரில் ஒரு கிளை திறந்தார். அங்கே போக யார் தயார் என்று கேட்டதற்கு அவள்தான் முதலில் தலையாட்டினாளாம். ஒரு பெட்டியோடு போனாள். சண்டை இல்லை. லிஃப்ட்காரர் பஸ் வரை பெட்டியைத் தூக்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் புது டேபிள் ஃபேன். அவள் ஊருக்கு அனுப்பிவைக்க என்றார்.

தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சோபாவை வாங்கினவரேதான். ஒரு கால் ஆடுகிறது, ஒரு கை கழன்றுகொள்கிறது என்று அவர் அடிக்கடி வந்தபோதே எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அண்ணி வந்தாள். அண்ணனும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். படம் எடுக்கிறவர் “சார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்றபோது, அவள் கை தன்னையறியாமல் அவர் காதோரம் போய், பாதியில் திரும்பி, தன் தலையைக் கோதிக்கொண்டது. இதை நான் கற்பனை செய்யவில்லை. பின்வரிசையில் நின்றிருந்தேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்துக்குள் அவரும் வீட்டைக் காலி செய்துவிட்டார். கம்பெனியில் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு அவள் இருக்கும் ஊருக்கே போனதாகக் கேள்வி. ஒரே வீட்டிலா, தனித்தனியாகவா? தங்கையிடம் நான்கைந்து விதமாகக் கேட்டுப் பார்த்தேன். “உங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்கிறாள். மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், எதை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று பழகியிருக்கிறாள்.

எதிர்வீட்டுக்கு இப்போது வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள். ஆகவே முடிவு என் கையில் இல்லை.

உங்கள் கட்டடத்து லிஃப்ட் என்றைக்காவது நின்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மெக்கானிக் வந்தால், அவர் குனிந்து வேலை பார்க்கும்போது பின்னால் போய் நில்லுங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். இடது காதுக்குப் பின்னால் பாருங்கள். முடி ஒரே சீராக இருந்தால் பேசாமல் வந்துவிடுங்கள்.

படி விழுந்திருந்தால்