குட்டையில் யாரும் இல்லை

காணாமல் போவது என் பகுதிநேரத் தொழில். மற்ற நேரங்களில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாராவது என்னைக் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ, உடைந்த சிமெண்ட் குழாய்க்குள்ளோ, சருகுக் குவியலுக்கு அடியிலோ திணித்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் என் மனைவியின் நாய் வந்து என்னைக் கண்டுபிடித்துக் குரைக்கும். உலகத்தில் எல்லாப் புருஷன்மார்களும் பெண்டாட்டி கண்ணில் படாமல் தப்பிக்க வழி தேடுகிறார்கள். அதற்கென்று முறையாகப் பயிற்சி எடுத்தும் வாராவாரம் தோற்கிறவன் நான் ஒருவன்தான்.

எங்களுடையது தன்னார்வத் தேடுதல் நாய்க் குழு. தன்னார்வம் என்றால் சம்பளம் கிடையாது, திட்டு உண்டு என்று அர்த்தம். குழுத் தலைவர் ஒரு பிளம்பர். என் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஒற்றைக் குரலில் அடக்குகிறவள். நாயின் பெயர் மாப்பிள்ளை. தெருவோரத்தில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்தோம். வந்த முதல் வாரமே எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டது, மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தது, கேட்டது கிடைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு என்ன பெயர் வைப்பது?

தேடுதலைப் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு கொள்கைதான். அதன் சுருட்டிய காலுறையை யாரோ ஒருவன் எடுத்துக்கொண்டு போய் எங்கோ ஒளிந்திருக்கிறான். காற்றில் அவன் வாசனையைப் பிடித்து, ஓடிப்போய், விடாமல் குரைத்தால் காலுறை கிடைக்கும். தொலைந்துபோன மனிதர்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் கணக்கில் காலுறைத் திருடர்கள்.

இந்த வேலையில் கஷ்டமான சொல் ஒன்று உண்டு. ‘காலி.’ நாய் ஓர் இடத்தை முழுக்க மோந்து பார்த்து யாரும் இல்லை என்று காட்டினால், அதை நடத்துகிறவர் நிமிர்ந்து நின்று ‘காலி’ என்று அறிவிக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் யாரையும் ஒளிக்காமலேயே பிளம்பர் அண்ணன் சில நாள் பரீட்சை வைப்பார். அப்படி ஒரு பரீட்சையில் என் மனைவி ஒரு பீப்பாய்க்கு முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே ஆள் இருந்தே தீர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. பீப்பாயைப் பார்த்தது. வீட்டுக்காரி ஆசைப்படுகிறாளே என்று பெரிய மனது பண்ணிக் குரைத்தது. பீப்பாயில் ஒரு பல்லி இருந்தது. நான் வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“இருக்குன்னு சொல்ல நாய் போதும் தங்கச்சி. இல்லன்னு சொல்லத்தான் மனுஷன் வேணும்” என்றார் பிளம்பர் அண்ணன். “லீக் இல்லாத குழாயில லீக் கண்டுபிடிச்சா, வீட்டுக்காரன் என்னைய என்ன பண்ணுவான்?”

அவள் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. வீட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

இதெல்லாம் தெரிந்தால்தான் கல்குவாரியில் நடந்தது புரியும்.

ஒரு பெரியவர் காணாமல் போயிருந்தார். முன்பு பேருந்து ஓட்டியவர். ஞாபகம் வரும், போகும். பிடிவாதம் மட்டும் எப்போதும் இருக்கும் என்றாள் அவருடைய மகள், தையல்காரி. காலையில் ஊர்க்கோடி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரை மதியம் காணவில்லை. ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட குவாரியில் தேங்கிக் கிடக்கும் குட்டையின் ஓரத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்று தேடுதலுக்குப் பொறுப்பாக வந்திருந்த அதிகாரி முடிவு செய்துவிட்டார். நாங்கள் போனபோது தண்ணீரை இறைக்க மோட்டார் வந்திருந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டமும் வந்திருந்தது.

“கரையில புதர் இருக்கு. ஒரு ஃபார்மாலிட்டிக்கு நாயை விட்டுப் பாத்துருங்க” என்றார் அதிகாரி.

மனைவி மாப்பிள்ளையை அவிழ்த்துவிட்டாள். அது காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஓடியது. புதர், பாறை இடுக்கு, இடிந்த காவல் அறை என்று எதையும் விடவில்லை. கடைசியில் அவள் காலடியில் வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

“காலி” என்றாள்.

“இன்னொரு தடவை பாருங்க.”

பார்த்தாள். இந்த முறை தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். தன் முகத்தை நாயிடமிருந்து ஒளிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்குக்கூட வராத வித்தை. கூட்டம் முழுக்க ஏதோ ஒரு புதரைக் கைகாட்டிக்கொண்டிருந்தது. “அங்க நிறுத்துமா, அங்க!” என்று ஒருவன் கத்தினான். அவள் எங்கேயும் நிற்கவில்லை.

“காலி.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “உங்க நாய் உயிரோட இருக்கறவங்களைத்தான கண்டுபிடிக்கும்?”

“ஆமா சார்.”

“கரையில உயிரோட யாரும் இல்ல. செருப்பு இங்க கிடக்கு. அப்ப மிச்சம் எங்க? தண்ணிக்குள்ளதான். நீங்களே சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றி, கிளம்புங்க.”

நான் அசந்துபோனேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பின்னால் நின்றிருந்த தையல்காரி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். யாரோ அவள் தோளில் கை வைத்து, “மனசத் தேத்திக்கம்மா” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

மனைவி தொப்பியைக் கழற்றினாள்.

“சார், இங்க உயிரோட யாரும் இல்லன்னுதான் சொன்னேன். செத்துட்டாருன்னு சொல்லல. அதச் சொல்றதுக்கு நாய் எதுக்கு, மோட்டார் எதுக்கு, இந்தக் கூட்டமே போதும். நாங்க தேடறது உயிரோட இருக்கறவர. அவர் இங்க இல்லன்னா வேற எங்கயோ இருக்காரு. அங்க போறோம்.”

“எங்க போறீங்க?”

அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. பேச்சில் அவள் எப்போதும் வண்டிக்கு முன்னால் போய்விடுவாள். வழி பிறகுதான் வரும்.

அந்த நேரத்தில்தான் நான் வாழ்க்கையில் உருப்படியான ஒரு காரியம் செய்தேன். அதிகாரி கையில் செருப்பு போட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் பையை எட்டிப் பார்த்தேன். செருப்பின் வாரில் சின்னச் சின்னப் பொத்தல்கள், வரிசையாக. குதிகாலில் ஒரு மூலை நொய்ந்து, பிசுபிசுத்திருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு ஜோடியாக ஒரு செருப்பு கிடையாது. காரணம் மாப்பிள்ளையின் குழந்தைப் பருவம். இந்தக் கைவேலையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

“ஏம்மா, இது நாய்க்குட்டி கடிச்சது” என்றேன். “பால்பல்லு. ஈரம்கூட இன்னும் காயல. பெரியவர் இத இங்க கழட்டிப் போடல. ஏதோ ஒரு குட்டி தூக்கிட்டு வந்து போட்டிருக்கு.”

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று வந்துபோனது. மாப்பிள்ளைகூட என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது.

கூட்டத்துக்கு டீ விற்றுக்கொண்டிருந்தவர் கெட்டிலை இறக்கிவைத்தார். “குட்டின்னா, அந்த மூடின மில்லுலதாங்க. தாய் ஒண்ணு உள்ள குட்டி போட்டிருக்கு. செருப்பு, துணி, வெளிய எது கிடந்தாலும் போயிடும். என்னோட துடைக்கற துணியே ரெண்டு போச்சு.”

சாலைக்கு அந்தப் பக்கம், வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் நூல் ஆலையின் நீளக் கூரை தெரிந்தது.

“அது தனியார் இடம்” என்றார் அதிகாரி. “கேட் பூட்டியிருக்கு. முதலாளி வெளிநாட்டுல. அனுமதி வாங்காம ஒருத்தர் கால் வைக்கக் கூடாது. நாளைக்கு எழுதிக் கொடுங்க, பாக்கலாம். இந்த வயசுல ஒருத்தர் பூட்டின கேட்டைத் தாண்டிக் குதிச்சாருன்னு யாராவது நம்புவாங்களா?” பிறகு தையல்காரியிடம் குரலைத் தாழ்த்தினார். “நீங்க இங்கயே இருங்கம்மா. எப்ப வேணும்னாலும் அடையாளம் காட்டக் கூப்பிடுவோம்.”

அவள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவர் கையிலிருந்த பையை, ஏதோ கடையில் தன் துணியை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள்.

“சார், இது எங்கப்பா செருப்பு.”

“அது ஆதாரம்மா!”

“இருக்கட்டும். அவரு கால்ல போடறேன், அப்புறமா பாத்துக்கங்க.” என் மனைவியிடம் திரும்பினாள். “அக்கா, வாங்க.”

மில் கேட்டில் ஒரு முரட்டுப் பூட்டு. பிளம்பர் அண்ணன் குழாய் ரெஞ்சைக் கொடுத்து முறுக்கினார். “துருப்பிடிச்ச வால்வு மாதிரிதான். அவசரப்படுத்தக் கூடாது, கேட்டுக் கேட்டுத் திருப்பணும்” என்றார். கேட்டுக் கேட்டுத் திருப்பியதில் பூட்டு இரண்டாகப் போனது. சுவரின் பின்பக்கம் யானை புகுகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

உள்ளே நுழைந்ததும் உறுமல். கூடத்தின் வாசலிலேயே தாய் நாய் படுத்திருந்தது. மடியில் குட்டிகள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து நின்றது, முதுகு மயிர் சிலிர்த்தது. இரண்டும் மோதினால் தேடுதல் அங்கேயே முடிந்துவிடும்.

“ஏங்க” என்றாள் மனைவி, மிக மென்மையாக. அந்தக் குரலில் அவள் என்னை அழைத்தால் நான் தொட்டிக்குள் போக வேண்டியிருக்கும். “நீங்க அதுகிட்ட கொஞ்சம் பேசிக்கிட்டு இருங்களேன்.”

“என்ன பேசறது?”

“என்கிட்ட பேசற மாதிரி பேசுங்க. பயந்து, மெதுவா.”

டீக்காரரிடம் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்துடன் நான் சுவரோரமாக உட்கார்ந்து நகர்ந்தேன். “வணக்கம்மா. அழகான பிள்ளைங்க. எல்லாம் அம்மா ஜாடை” என்றேன். அது ஒரு பிஸ்கட்டைத் தின்றது. இன்னொன்றைத் தின்றது. அதற்குள் மனைவி மாப்பிள்ளையை அணைத்துத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நழுவிப் போய்விட்டாள். நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுந்து திரும்பினேன். அதுதான் தவறு. குட்டி போட்டவளுக்கு முதுகைக் காட்டக் கூடாது. எங்கே கடித்தது என்று எழுத மாட்டேன். கடையில் நாற்காலிக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்தேன் என்று மட்டும் சொல்லலாம்.

கூடத்தின் உள்ளே பழைய இயந்திரங்கள் வரிசையாக, தூசியும் எலிப் புழுக்கையுமாக நின்றன. குவாரி மோட்டார் சத்தம் அங்கே வரை கேட்டது. மனைவி மாப்பிள்ளையை இறக்கிவிட்டாள். அது மூக்கைத் தூக்கியது. ஒரு வரிசையின் கடைசி வரை போனது, திரும்பி வந்தது. மறுபடியும் போனது. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மனைவி நாயைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நான் அவள் உதட்டையே பார்த்தேன். சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை குரைத்தது.

சந்தேகமில்லாத குரைப்பு. ‘திருடன் அகப்பட்டான்’ என்று ஊரைக் கூட்டும் குரைப்பு. இயந்திரத்தின் அடியில், பழுது பார்ப்பவர்கள் இறங்க வெட்டிய குழி. உடைந்த பலகைகளுக்கு நடுவில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது.

“அப்பா!” என்று தையல்காரி அலறினாள். “இங்க எதுக்குப்பா வந்தீங்க?”

பெரியவர் டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். “ஒரு பொடிப்பய குட்டி. வாசல்ல உக்காந்திருக்கேன், என் கண்ணு முன்னாடியே செருப்பத் தூக்கிட்டுப் போகுது. விடுவேனா? ஓட்டை வழியா இங்க வந்துருச்சு. நானும் வந்தேன், குழியில விழுந்தேன். அது செருப்போட வெளிய ஓடிருச்சு.”

“ஒரு பிஞ்சுபோன செருப்புக்காகவா?”

“பிஞ்சா என்ன? என்னோடதுதான?”

அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள். மனைவி குழிக்குள் இறங்கி அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தாள். மாப்பிள்ளை தன் காலுறைக்காக அவருடைய சட்டைப் பையைச் சோதனை போட்டது.

பெரியவரை ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரில் வைத்து நாங்கள் வெளியே கொண்டுவரும்போது அதிகாரி கேட்டுக்கு வந்துவிட்டார். கூட்டமும் குட்டையை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்திருந்தது. அவர் பெரியவரைப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாருக்கோ கை காட்டினார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் நிஜமான நிம்மதி தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது. அதன்பின் தரையில் இரண்டாகக் கிடந்த பூட்டைப் பார்த்தார்.

“வேண்டாம்னு சொன்னேன். கேக்கல. முதலாளி கேட்டா இந்தப் பூட்டுக்கு யாரு பதில் சொல்றது?”

“நான்தாங்க முறுக்கினது” என்று பிளம்பர் அண்ணன் ஆரம்பித்தார்.

மனைவி அவரைக் கையமர்த்தினாள். “கூட்டிட்டு வந்தது நான். நான் பதில் சொல்றேன் சார். எங்க வரணும்னு சொல்லுங்க, வர்றேன். காலைல மட்டும் வேணாம், வேன் ஓட்டணும். சாயங்காலமும் முடியாது, பிள்ளைங்களைத் திரும்பக் கொண்டு விடணும். ஞாயித்துக்கிழமை பயிற்சி.”

“அப்ப எப்பதாம்மா வருவீங்க?”

“யாராவது காணாமப் போனா கூப்பிடுங்க, அப்ப வர்றேன்” என்றாள். “கூப்பிடலைன்னாலும் வருவேன்.”

பெரியவரும் மகளும் ஆம்புலன்ஸில் ஏறினார்கள். அதிகாரி பூட்டின் இரண்டு துண்டுகளையும் பொறுக்கி எடுப்பதற்குள் எங்கள் வண்டி புறப்பட்டுவிட்டது. மாப்பிள்ளை இருக்கை முழுவதும் கால்நீட்டிப் படுத்துக்கொண்டது. நான் நின்றுகொண்டே வந்தேன்.