செவ்வாய்க்கிழமை ஓய்வு

ஹெட்விக் பஞ்சுக் குச்சியை உதட்டருகே கொண்டுபோனதும் அவள் கணவர் வெண்டெலின் வாயை இறுக மூடிக்கொண்டார். காலையிலிருந்து இப்படித்தான். தண்ணீர், ஆப்பிள் சாறு, ஆறிய தேநீர், எதற்கும் அந்த வாய் திறக்கவில்லை. கடைசியாகக் கீழே உணவகத்திலிருந்து இந்த விடுதியிலேயே காய்ச்சிய கறுப்பு பீரைக் கொண்டுவந்திருந்தாள். அதற்கும் அதே கதிதான்.

"நேத்து இதே பீர்ல ரெண்டு மடக்கு குடிச்சாரே" என்றாள் செவிலி ரோஸ்வித்தாவிடம். "குடிச்சிட்டு, மோசமில்லன்னு தீர்ப்பு வேற சொன்னாரு."

"வாய் காயாம பாத்துக்கணும்மா. இனிமே நம்ம கையில இருக்கிறது அவ்வளவுதான். அவருக்கு ஆசையானது எதுன்னு பாத்து தொட்டு வைங்க."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

ரோஸ்வித்தா போர்வையை விலக்கி அவர் முழங்காலைப் பார்த்தாள். சாவு நெருங்கும்போது வரும் நீலம் திட்டுத் திட்டாகப் பாய்ந்திருந்தது. மறுபடி இழுத்து மூடினாள்.

முப்பத்தெட்டு வருடமாக மே மாதம் பிறந்தால் இருவரும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஜெர்மனியின் ஃபிராங்கோனியாவில் ஊருக்கு ஊர் பீர் காய்ச்சுகிறவன் ஒருவன் இருப்பான். காலையில் ஓர் ஊர், காட்டு வழியே நடந்து மதியம் ஓர் ஊர். முதல் மடக்கிலேயே வெண்டெலின் முகத்தைச் சுளிப்பார். எந்த இடத்தில் கெட்டது என்று சொல்லுவார். பிறகு மிச்சத்தையும் குடித்து முடிப்பார். இந்த வருடம் கணையத்தில் கட்டி. டாக்டர்கள் கையை விரித்த பிறகும் கிளம்பினார். நடக்க முடியாமல் பேருந்தில் வந்தார்கள். மூன்று ஊர் முடிந்தது, மூன்றாவதான இந்த ஊர் விடுதியிலேயே படுத்துவிட்டார். நாலாவது ட்ரோய்ஸ்பாக், இங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கே மூடிக்கிடந்த பீர் ஆலையை ஓட்மார் என்பவன் மீண்டும் திறந்திருந்தான். இந்தப் பக்கத்தில் வெண்டெலின் வாய் வைக்காத பீர் அது ஒன்றுதான்.

ஹெட்விக் சட்டென்று எழுந்தாள். "நான் போய் அதை வாங்கிட்டு வந்துடறேன்."

"நீங்க திரும்பி வர்றதுக்குள்ள..." என்று ரோஸ்வித்தா இழுத்தாள்.

"சும்மா உக்காந்து பாத்துட்டிருக்க என்னால முடியல."

விடுதிக்காரியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, எழுபது வயதில், மேட்டில் தள்ளியும் சரிவில் மிதித்தும் போய்ச் சேர்ந்தாள். கதவில் பலகை தொங்கியது. செவ்வாய் ஓய்வு நாள்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த ஊரில் எந்தக் கிழமை கதவு மூடியிருக்கும் என்பது வெண்டெலினுக்கு மனப்பாடம். அதைப் பார்த்துத்தான் நடைப்பயணத்தையே வகுப்பார். ட்ரோய்ஸ்பாக்கை நாளைக்கு வைத்திருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட மூடிய கதவின் முன்னால் அவளை நிறுத்தாத மனிதர், சாவதற்கு மட்டும் கிழமை பார்க்கவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

பின்பக்கத்திலிருந்து ரப்பர் செருப்போடு ஐம்பது வயது ஆள் வந்தான். "பலகைய பாக்கலியா? இன்னிக்கு லீவு."

"என் வீட்டுக்காரர் செத்துட்டிருக்கார். உங்க பீர் வேணும். ஒரு கிண்ணம் போதும்."

ஓட்மார் அவளை மேலும் கீழும் பார்த்தான். வேடிக்கையில்லை என்று புரிந்ததும் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இருந்ததெல்லாம் காலியாயிடுச்சும்மா. தொட்டியில புதுசு கிடக்கு. ஆனா பக்குவம் வரல. இன்னும் ரெண்டு வாரம் ஆகும்."

"அதைக் குடுங்க."

"அதை எப்படிங்க குடுப்பேன்? பச்சை நாத்தம் அடிக்கும். ஒரு மனுசன் கடைசியா குடிக்கிறது என் பீரா இருக்கணும், அதுவும் அரைவேக்காடா இருக்கணுமா? வேற ஊருது வாங்கித் தரேன்."

"மத்த ஊரெல்லாம் அவர் பாத்தாச்சு!" என்று கத்தினாள். "ரெண்டு வாரம் அவருக்கு எங்க இருக்கு? அந்த ரெண்டு வாரத்த நீங்க குடுப்பீங்களா?"

 அவன் உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சாடியில் கலங்கலாகப் பிடித்துவந்தான். சைக்கிளைத் தன் வேனில் தூக்கிப் போட்டு அவளையும் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம், குளிர் போதவில்லை, நுரை நிற்காது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டே ஓட்டினான்.

அறையில் ரோஸ்வித்தா தலையசைத்தாள். வெண்டெலின் இன்னும் உயிரோடு இருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. ஓட்மார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டான்.

"வெண்டெலின், ட்ரோய்ஸ்பாக் வந்தாச்சு" என்றாள் ஹெட்விக்.

குச்சியைச் சாடியில் நனைத்து உதட்டில் வைத்தாள். வாய் திறந்தது. நாக்கு பஞ்சைத் தேடி வந்தது. ஒரு முறை உறிஞ்சினார். பிறகு அவர் நெற்றி சுருங்கியது, மூக்கின் ஒரு பக்கம் மேலே ஏறியது.

"நான்தான் சொன்னேனே" என்றான் ஓட்மார், அழாத குறையாக.

ஹெட்விக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா? புடிக்கல அவருக்கு! கண்டுபுடிச்சிட்டாரு!" அவசர அவசரமாகக் குச்சியை மறுபடி நனைத்தாள். "சொல்லு. என்ன கெட்டுப்போச்சு? ஆள் இங்கதான் நிக்கிறாரு. அவர்கிட்டயே சொல்லு."

வெண்டெலினின் மூச்சு வெளியே போனது. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். சுருங்கிய நெற்றி மெல்ல விரிந்து வழவழப்பானது.

"நல்லா இல்லன்னு சொல்லு, வெண்டெலின். மோசம்னாவது சொல்லு."

ரோஸ்வித்தா அவர் கழுத்தில் விரல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, உயிருக்கு வழிவிடுவதுபோல, போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கீழே தோட்டத்தில் யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கறுப்பு பீரா வெளுத்ததா எதைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்மார் சாடியின் பக்கம் பார்க்காமல் நின்றான்.

ஹெட்விக் இன்னும் குச்சியை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். அது சொட்டியது. போர்வையில் விழாமல் இன்னொரு கையை அடியில் ஏந்திக்கொண்டாள்.