ஆறரை மணி அப்பா

போன மாதத்திலிருந்து தமயந்தியின் அப்பா ஏகாம்பரம் டிவியில் வந்துகொண்டிருந்தார். தினமும் மாலை ஆறரைக்கு, வானிலைக்கும் காய்கறி விலைக்கும் நடுவில். ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விளம்பரம் போட்டதும் போய்விடுவார். வீட்டுக்கு வருவதில்லை.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அம்மா கோமதி சொன்னாள். பக்கத்து பிளாக்கில் ஒருவர் ரேடியோவில்தான் வருகிறார். அவர் மனைவிக்கு முகம்கூடப் பார்க்கக் கிடைப்பதில்லை. அம்மாவின் குறையெல்லாம் அப்பாவின் பனியன்தான்.

"ஊரே பாக்குது, ஒரு சட்டையப் போடுங்கன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறாரு."

தமயந்தி மட்டும் இன்னும் அவரைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அந்த நேரத்தில் அவளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாள். அன்று வகுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. மாணவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். சார் கரும்பலகையை டிவிக்கு முன்னால் நிறுத்தினார். பலகைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது. தமயந்தி எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் டிஷ் கம்பெனிக்குப் போன் செய்தாள். டிவியோடு இருக்கும் டிஷ் பெட்டியை வீட்டு இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் நினைத்த நேரத்தில் அப்பாவைப் பார்க்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். ஆனால் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வரும். முதல் நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு போய்விடும்.

முதல் நாளில் என்ன இருக்கிறது என்று தமயந்தி கேட்டாள்.

"உங்களத்தான் கேட்டுட்டிருந்தார் மேடம். ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம்."

என்ன கேட்டார் என்று அவள் அம்மாவிடம் விசாரித்தாள். அன்று பனியனையே பார்த்துக்கொண்டிருந்ததில் எதுவும் நினைவில் நிற்கவில்லை என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயர் வாங்கி வந்தாள். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. எதை எங்கே செருகினாலும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவளுக்கு அது போதவில்லை. டிவிக்கான முனையில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டாள்.

மோடம் வாசலருகில் இருந்தது; டிவி உள்ளறையில். மோடத்தில் ஒரு முனையைச் செருகிவிட்டு, வயரைச் சுவரோரமாக விரித்துக்கொண்டே நடந்தாள். அவள் நடக்க நடக்க நடைவழியும் நீண்டது. சமையலறை வந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு சமையலறை வந்தது. அங்கே யாரோ ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வயர் போவதற்காக எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அப்பாவுக்கா?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

"ஆமாங்க."

"எங்களுக்கு அத்தை வர்றாங்க. ஒம்பது மணிக்கு. அவங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாங்க, சத்தத்தக் கொறைக்கவே முடியாது."

தமயந்தி உள்ளறைக்கு வந்து சேர்ந்தபோது வயரின் நீளம் சரியாக இருந்தது. ஆனால் பெட்டிக்குள் போகவில்லை. முனையை மாற்றிக் கொண்டுவந்துவிட்டோமோ என்று பயந்தாள். நூல் இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். வயர் போகவேண்டிய ஓட்டை முழுக்கக் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்தது.

"அது ஒண்ணுதான் சும்மா கெடந்துது," என்றாள் அம்மா. "முன்பக்கம் வெச்சா லைட்டு மறையுமேன்னு பாத்தேன்."

தமயந்தி ஊக்கால் சுரண்டினாள். சந்தனம் வந்துகொண்டே இருந்தது. ஒரு டம்ளர் நிரம்பியது. பிறகு ஒரு குண்டான். அம்மா பொறுமையாகப் பாத்திரம் மாற்றிக் கொடுத்தாள். சன்னல் வெயில் சுவரிலிருந்து இறங்கிக் கட்டில் காலுக்கு வந்தபோது ஓட்டையின் அடி தெரிந்தது. வயர் 'டிக்' என்று உட்கார்ந்தது.

திரையில் ஒரு கேள்வி வந்தது: 'நீங்கள் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா?'

தமயந்தி யோசித்தாள். வகுப்பு நேரத்தில் எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இருக்கேன்னு அமுக்குடி," என்றாள் அம்மா.

அமுக்கினாள். நாட்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் கீழே முதல் நாள் இருந்தது. வட்டம் சுற்றியது. அப்பா வந்தார்.

இளைத்திருந்தார். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"தமா எங்க?"

கிளாஸுக்குப் போயிருக்கிறாள் என்று போன மாதத்து அம்மாவின் குரல் சொன்னது.

"சரி, வரட்டும்."

அதற்குப் பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முழுக்க அவ்வளவுதான். வேகமாக ஓட்டிப் பார்க்கலாம், தமயந்தி ஓட்டவில்லை. இது நடந்து முடிந்த நாள், இனி சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

"வந்துட்டேன்ப்பா."

அப்பா திரும்பினார். பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். பக்கத்து இடத்தைத் துண்டால் இரண்டு தட்டுத் தட்டினார். அப்போது மதியமானது. அந்த நாள் அழிந்தது.

தமயந்தி ரிமோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டாம் நாளைப் போட்டாள். அப்பா வரும்போதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் தெனமும் பாத்தேனே," என்றாள் அம்மா. "இப்படி ஓரத்துல அவர் ஒக்காந்ததே இல்லையே."

தமயந்தி அடுத்த நாளைப் போட்டாள். அதிலும் இடம் இருந்தது.