முள்ளை வளைத்துப் பிடித்தவர்கள்

பூங்காவின் கிழக்கு ஓரத்தை முள்புதர் மொத்தமாக விழுங்கியிருந்தது. அதை வேரோடு எடுக்க ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் வரும். சம்பளம் கிடையாது, முதுகுவலி மட்டும் தாராளம். இரண்டிரண்டு பேராக வேலை. ஒருவர் கவைக்கோலால் கிளைக்கற்றையை மேலே வளைத்துப் பிடிக்க, மற்றவர் அதற்கடியில் தவழ்ந்து போய் வேரை வெட்டுவார். பிடித்தவர் விட்டால் உள்ளே இருப்பவர் முகம் அவ்வளவுதான்.

"சொந்தக்காரங்கன்னா பொறுப்பா பிடிப்பாங்க" என்று குழுத் தலைவி நர்ஸம்மா, வெல்டரையும் அவன் தங்கை புருஷனையும் ஜோடி சேர்த்துவிட்டாள். நல்ல மனசு, விவரம்தான் போதாது.

தங்கை புருஷன் பள்ளி வாத்தியார். வாடின செடிக்கன்றைக்கூட மடியில் வைத்துக் கொஞ்சுகிற ஆள். வீட்டிலோ பெல்ட்டைக் கழற்றினால்தான் பேச்சே. அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தவளின் முதுகைப் பார்த்துவிட்டு வெல்டரின் மனைவி அழுத அழுகை கொஞ்சமல்ல. ஆனால் வாத்தியார் வந்து நாலு பேர் முன்னால் கைகூப்பினதும், "இவரா அடிப்பார்?" என்று நர்ஸம்மா முதற்கொண்டு எல்லோரும் வக்காலத்து வாங்கினார்கள். இன்று வேலை முடிந்ததும் தங்கை அவரோடு திரும்பிப் போவதாக ஏற்பாடு. அதோ, மரத்தடியில் எல்லோருக்கும் கையுறை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வெல்டர் கவைக்கோலை எடுத்துக் கிளையை வளைத்துப் பிடித்தான்.

வாத்தியார் புதருக்குள் தவழ்ந்தார்.

"மாப்பிள்ளை, அவ மேல இனிமே கை வைக்கமாட்டேன்னு சொல்லுங்க."

"அதான் பேசி முடிச்சாச்சே மச்சான். நல்லா இழுத்துப் பிடிங்க."

வெல்டர் கோலைக் கொஞ்சம் தளர்த்தினான். முள் வாத்தியாரின் காதைக் கிழித்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"எதால அடிச்சே? சத்தமா சொல்லு."

இன்னும் தளர்த்தினான். கன்னத்தில் முள் ஏறியது. ரத்தம் வாய்க்குள் வழிந்தது.

"பெல்ட்டால. பெல்ட்டாலதான் அடிச்சேன். பிடிங்க மச்சான், கண்ணு போயிடும்."

மண்வெட்டிச் சத்தமெல்லாம் நின்றது. தங்கை மட்டும் கையுறைகளைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தாள்.

"கோலை என்கிட்ட குடுண்ணா."

இத்தனைக்கும் அப்புறம் அவனைக் காப்பாற்ற வருகிறாளே, இவளை என்ன செய்வது? வெல்டருக்கு ஆத்திரம்தான். ஆனாலும் கொடுத்தான். அவள் பேச்சை அவன் என்றைக்குத் தட்டினான்?

அவள் உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டுக் கிளையை உயர்த்தினாள். உள்ளிருந்து பெருமூச்சு கேட்டது.

"எனக்குத் தெரியும், நீ என்னை விட்டுக்குடுக்க மாட்டே."

"நானும் இப்படித்தான் கெஞ்சினேன்" என்றாள் அவள். "நீங்க கதவைத் தாழ்போட்டுட்டு வந்து அடிச்சீங்க."

கோலை விட்டாள்.

கற்றை மொத்தமும் பளாரென்று அறைந்து விழுந்தது. அலறல் மனிதக் குரல் மாதிரியே இல்லை. அவர் உதற உதற முள் இன்னும் ஆழமாக இறங்கியது. ஆளாளுக்கு ஓடிவந்து புதரை வெட்டி, காலைப் பிடித்து இழுத்துப் போட்டபோது ஒரு கண் இருந்த இடம் வெறும் ரத்தமாக இருந்தது.

நர்ஸம்மா அதன்மேல் துணியை வைத்து அழுத்தினாள். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க" என்று கத்திவிட்டு, தங்கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"போலீஸ் வரும்மா. கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிடு. நாங்க எல்லாரும் பார்த்தோம்னு சொல்றோம்."

"ஆமா, வழுக்கிடுச்சு" என்று வெல்டர் முந்திக்கொண்டான்.

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வழுக்கல" என்றாள். "நான் விட்டேன்."