மண்டபத்தோடு நின்ற ஹனிமூன்

பாளையம்பட்டி முக்கில் சரவெடி வெடித்ததும், மதுரையிலிருந்து வந்த, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸின் டிரைவர் டயர்தான் போய்விட்டது என்று பயந்து பிரேக்கை அழுத்தினார். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். யாரோ ஒரு அம்மாளின் மடியிலிருந்த கோழி பறந்து வந்து இன்பராணியின் தோளில் உட்கார்ந்தது. வெளியே பாண்டு வாத்தியம் முழங்கியது. மாலையும் கையுமாக ஒரு கூட்டம் நின்றது. நடுவில் சரிகை அங்கவஸ்திரத்தோடு நின்றவர் இன்பராணியின் மாமனார் வேதமுத்து.

“யாரும் மந்திரி வாராகளா?” என்று கேட்டார் பின் ஸீட்டுக்காரர்.

“நமக்குத்தான்,” என்றான் யேசுதாசன், தொப்பியைச் சரிசெய்தபடி. “ராமநாதபுரத்துலேருந்து அப்பாவுக்குத் தந்தி அடிச்சேன்ல.”

“என்னன்னு அடிச்சீக?” என்று கேட்டாள் இன்பராணி.

“சிலோன் டூர் இனிதே முடிந்ததுன்னு.”

அவள் கோழியைப் பிடித்து உரியவளிடம் கொடுத்துவிட்டுக் கணவனின் முகத்தைப் பார்த்தாள். வெட்கம் என்ற ஒன்று எப்போதாவது அங்கே வந்து போன அடையாளம்கூட இல்லை.

அருப்புக்கோட்டைச் சீமையிலேயே முதன்முதலாக ஹனிமூன் என்று கிளம்பிய தம்பதி இவர்கள்தான். அந்த வார்த்தையை யேசுதாசன் மதுரைக் காலேஜிலிருந்து கொண்டுவந்தான். பி.ஏ. தேறவில்லை, இது தேறியது. யுத்தம் முடிந்து கப்பல் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்த சமயம். கொழும்புப் பட்டணம், கல்கிசைக் கடற்கரை, கண்டி, நுவரெலியா மலை என்று கல்யாணத்துக்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவைத்தான். பருத்தி வியாபாரியான வேதமுத்துவும் கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம், பருத்தி விலை சொல்வதற்கு முன்னால் மகன் கடல் தாண்டப் போவதைச் சொன்னார். சும்மா இருந்தவள் இன்பராணி ஒருத்திதான். திருச்சுழி வாத்தியாரின் மகள் அவள். பிறந்ததிலிருந்து அவள் ஏறிப் பார்த்த பெரிய உயரம் கண்மாய்க் கரை. மேகம் காலுக்குக் கீழே போகிற ஊர் என்று அப்பா நுவரெலியாவைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்தக் குளிருக்காக நீலக் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னி எடுத்துக்கொண்டாள்.

சிலோனுக்குப் போகிறவர்கள் அம்மை குத்திக்கொண்டு போக வேண்டும். இன்பராணி குத்திக்கொண்டாள். யேசுதாசன் மாட்டேன் என்றுவிட்டான். “அதெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்கு. கோட்டும் ஷூவும் போட்டவனை எவன் தடுப்பான்?” என்றான்.

சிலோன் போகிறவர்களைக் கப்பலேறுமுன் நிறுத்திச் சோதிக்கும் மண்டபம் முகாமில் தடுத்தார்கள். கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், புது மாப்பிள்ளை தொபீரென்று விழுந்தான். ஒரே தடவைதான் விழுந்தான். ஆனால் விழுந்த விழுகையில் தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அப்படியே படுக்க வைத்துக் குத்தி முடித்தார்கள். கை வீங்கிற்று, காய்ச்சல் வந்தது. ஹனிமூன் முழுவதும் முகாமின் தகரக் கொட்டகையில் கழிந்தது. சுற்றிலும் மணலும் கருவாட்டு வாடையும். நீல ஸ்வெட்டர் பெட்டிக்குள் கிடந்து புழுங்கியது. இன்பராணி கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு, அக்கரைக்குப் போகிறவர்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியபோது, அக்கரையில் இறங்கினால் இன்னொரு ஊசி உண்டு என்று சமையல்காரர் ஒருவர் விளையாட்டாகச் சொல்லிவைத்தார்.

“சிலோன்ல அப்படி என்னதான் இருக்கு?” என்று கேட்டுவிட்டு யேசுதாசன் ஊர் திரும்ப டிக்கெட் வாங்கிவிட்டான்.

அந்தச் சமையல்காரர் முன்னே கொழும்பில் ஹோட்டலில் இருந்தவர். படுத்த படுக்கையில் அவரிடம் கேட்ட கதைகளும், ஸ்டேஷன் கடையில் வாங்கிய படக் கார்டுகளும்தான் யேசுதாசன் கொண்டுவந்த இலங்கை.

அதை அன்று சாயங்காலமே வீட்டு வாசல் பந்தலில் கடை விரித்தான். நாற்காலியில் கால் மேல் கால் போட்டு அவன் உட்கார, எதிரே ஜமக்காளத்தில் ஊர் உட்கார்ந்தது.

“கல்கிசை பீச்சு மணல் இருக்கே, ரவை மாதிரி. நடந்தா உள்ளங்கால் கூசும்.”

“வெறுங்காலோடயா நடந்தீக, தம்பி?” என்று கேட்டார் பருத்தித் தரகர் யாக்கோபு.

“சே, சே. ஷூ போட்டுத்தான்.”

“பிறகு எப்படிக் கூசுச்சு?”

“இவளுக்குக் கூசுச்சு,” என்று யேசுதாசன் மனைவியைக் காட்டினான். எல்லோரும் இன்பராணியின் பாதங்களைப் பார்த்தார்கள். அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“நுவரெலியாவுல குளிரு சொல்லி முடியாது. வாயைத் திறந்தா புகை வரும். ஒருத்தரும் பேச மாட்டாக.”

“நீங்களுமா பேசலை?” என்றார் யாக்கோபு. “அப்ப நெசமாவே பெரிய குளிருதான்.”

சிரிப்பு அடங்கியதும், பந்தல் காலோரம் நின்ற பேச்சி ஓரடி முன்னால் வந்தாள். திருச்சுழி ரோட்டில் வேதமுத்துவுக்கு இருந்த கரிசல் காட்டில் வேலை செய்கிறவள். அவள் கணவன் சோலை யுத்தத்துக்கு முன்பே நுவரெலியாப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவன். பிறகு ஒரு சேதியும் இல்லை. கூடப் போய்த் திரும்பியவர்கள், அவன் அந்தத் தோட்டத்தை விட்டு எங்கோ போய்விட்டான் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“சின்னையா, மலைத் தோட்டத்துப் பக்கமெல்லாம் போயிருக்கீக. எங்க வீட்டுக்காரவுக கண்ணுல தட்டுப்பட்டாகளா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காசு செலவில்லாத வார்த்தை. ஆனால் இத்தனை பேர் எதிரில் தெரியாது என்று சொல்லி யேசுதாசனுக்குப் பழக்கமில்லை.

“சோலைதானே? பாக்காம என்ன? தோட்டத்துக் கூலிக குடியிருக்கிற லயத்து வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். ஆளு ஜம்முனு இருக்கான். ஊருக்கு வரணும்னு சொன்னான். உன்னையத்தான் முதல்ல விசாரிச்சான்.”

கூட்டம் ஆஹா என்றது. வேதமுத்து மகனைப் பெருமையாகப் பார்த்தார். பேச்சி மட்டும் உயிரில்லாத குரலில், “நல்லது, சாமி,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்தக் குரல் இன்பராணியை என்னவோ செய்தது. மறுநாள் காலை, பருத்தி மூட்டை சுமக்க வந்தவளைப் புழக்கடைக்குக் கூப்பிட்டாள்.

“புருஷன் உசுரோட இருக்காருன்னா சந்தோஷப்படாம ஏன் அப்படிப் போனே?”

“சந்தோஷந்தான், தாயி. அந்த மனுஷன் எங்கயோ நல்லா இருக்கட்டும்.” பேச்சி சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். “வெள்ளிக்கிழமை எங்க ஊர்க்கூட்டம். எனக்குத் தீர்த்துவிடப் போறாக. இருளப்பசாமி மாமா துரும்பைக் கிள்ளிப் போட்டுட்டா நான் வேற கட்டிக்கிடலாம். அருஞ்சுனை அதுக்காகத்தான் இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்காரு.”

அருஞ்சுனை வேதமுத்துவின் வில்வண்டியை ஓட்டுகிறவன். அதிகம் பேசாதவன்.

“இப்ப என்ன தடை?”

“கிள்ளுறதுக்கு முந்தி மூணு தரம் கேப்பாக, போனவனை யாராவது பாத்தீகளான்னு. ஒருத்தர் பாத்தேன்னு சொன்னாலும் துரும்பை மடியில கட்டிருவாக. பிறகு அதைப் பத்தி ஒருத்தரும் பேசக் கூடாது, அவரு வர்ற வரைக்கும். அக்கரைக்குப் போய்ட்டு வந்தவுக கிட்ட எல்லாம் கேட்டுட்டு வான்னு மாமாதான் அனுப்புனாரு. சின்னையா பாத்தேன்னுட்டாக. கூட்டத்துக்கும் வாரேன்னு சொல்லியிருக்காக.”

மத்தியானம் இன்பராணி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “வேற ஆளைப் பாத்துட்டு சோலைன்னு நினைச்சேன்னு சொல்லிருங்க. உங்க சிலோன் உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பிள்ளையை விட்டுருங்க.”

“ஆளைத் தப்பாப் பாக்க நான் என்ன குருடனா?”

“நீங்க ஆளையே பாக்கலையே.”

“அது வேற விஷயம்,” என்றான் யேசுதாசன், கண்ணாடியில் டை கட்டிப் பார்த்துக்கொண்டே. “ஞாயித்துக்கிழமை சபையில என்னைச் சிலோனைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காரு போதகர். ஒரு இடத்துல தப்புன்னா மத்த இடமும் தப்பும்பாக. அவ வேற கட்டலைன்னா ஆகாசமா இடிஞ்சு விழுந்துரும்? நீ வாயைத் திறந்தா, அன்னைக்கே திருச்சுழிக்கு உங்க அப்பா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். பாத்துக்க.”

டை சரியாக வரவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான். ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட அதற்கு அதிக நேரம் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை, திருச்சுழி ரோட்டிலிருந்த பேச்சியின் ஊருக்கு வில்வண்டி புறப்பட்டது. கோட்டு, தொப்பி, ஷூ சகிதம் யேசுதாசன் ஏறினான். அப்பா வீட்டுக்கு அப்படியே போய் வருகிறேன் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு இன்பராணியும் ஏறிக்கொண்டாள். முன்னால் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்திருந்தவன் அருஞ்சுனை. தன் கல்யாணத்துக்கு வேட்டு வைக்கப் போகிறவரைத் தன் கையாலேயே ஓட்டிக்கொண்டு போனான். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“சின்னையா, அவன் நெசமாவே பேச்சியை விசாரிச்சானா?”

“உருகிட்டான் போ,” என்றான் யேசுதாசன்.

அருஞ்சுனை மாட்டை அடிக்கவில்லை. வண்டி இன்னும் மெதுவாகப் போயிற்று.

தண்ணீரில்லாத கண்மாயின் மடையருகே கூட்டம் உட்கார்ந்திருந்தது. மடைக்கல் மேல் இருளப்பசாமி. அந்த ஊர்த் தலைவர். சோலைக்குச் சித்தப்பா முறை. விரலிடுக்கில் ஒரு வைக்கோல் துரும்பு வைத்திருந்தார். எதிரே தனியாகப் பேச்சி நின்றாள். யேசுதாசனுக்கு ஒரு முக்காலி போட்டார்கள். அவன் கைக்குட்டையால் அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான்.

“கடல் தாண்டிப் போன சோலையை யாராவது பாத்தீகளா?” என்று கேட்டார் இருளப்பசாமி. இரண்டாவது தரமும் கேட்டார். மூன்றாவது தரம் கேட்கும்போது எல்லார் கண்ணும் முக்காலியின் பக்கம் திரும்பியது.

யேசுதாசன் எழுந்தான். பந்தலில் சொன்னதைவிட இப்போது கதை வளர்ந்திருந்தது. மலை உச்சி, பனி, லயம், சோலை கண்ணில் தண்ணீர். “பொங்கலுக்கு வாரேன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னான்,” என்று முடித்தான்.

இருளப்பசாமி பெருமூச்சு விட்டுத் துரும்பை மடிப்பக்கம் கொண்டுபோனார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அருஞ்சுனை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

இன்பராணி வண்டியை விட்டு இறங்கினாள்.

“ஐயா, துரும்பை மடியில கட்டாதீக. இவுக சோலையைப் பாக்கல. நாங்க கடலையே தாண்டல. மண்டபத்தோட திரும்பிட்டோம்.”

கூட்டம் சலசலத்தது. யேசுதாசன் சிரித்தான். “வெயில்ல வந்தது இவளுக்கு ஆகலை. நீங்க கட்டுங்க.”

இருளப்பசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “தாயி, நீங்க இந்தப் பிள்ளைக்கு இரக்கப்பட்டுப் பேசுறீகளோன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும். பாத்தேன்னு சொன்ன வாயிலேருந்தே பாக்கலைன்னு வந்தாத்தான் நான் கிள்ள முடியும். எங்க வழக்கம் அப்படி. சின்னவரு என்ன சொல்றீக?”

“பாத்தது பாத்ததுதான்,” என்றான் யேசுதாசன். தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டான்.

இன்பராணி ஒரு கணம் யோசித்தாள். இவனிடம் மனச்சாட்சியைத் தேடிப் பிரயோசனமில்லை. அது இருந்திருந்தால் தகரக் கொட்டகையிலேயே கண்ணில் பட்டிருக்கும். ஆனால் இவனிடம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தொட்டால் போதும். திருச்சுழியில் அப்பா வீடு எங்கேயும் போய்விடவில்லை. அவள் கணவனை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அப்ப எல்லாத்தையும் சொல்லிர்றேன். மண்டபத்துல அம்மை குத்த டாக்டர் ஊசியை எடுத்தாரு. இவுக மயங்கி விழுந்துட்டாக. தண்ணி தெளிச்சு எழுப்புனா, ஊசியைப் பாத்துட்டு மறுபடி விழுந்தாக. மூணாந்தரம் அம்மா அம்மான்னு அழுதுக்கிட்டே விழுந்தாக. கூலிக்கு வந்த பொம்பளைகளெல்லாம் கையை நீட்டிக் குத்திக்கிட்டுப் போறாக. இவுக காலை நாலு பேரு பிடிச்சுக்கிட்டாக.”

முதல் சிரிப்பு பெண்கள் பக்கமிருந்து வந்தது. பிறகு கண்மாய்க் கரை முழுவதும் சிரித்தது. எதற்கும் சிரிக்காத அருஞ்சுனைகூட மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யேசுதாசனின் முகம் கறுத்தது. தொப்பியைக் கழற்றி முக்காலி மேல் அடித்தான்.

“பொய் சொல்றா, நம்பாதீக! ஒரே ஒரு தரந்தான் விழுந்தேன். அப்புறம் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்குற வரைக்கும் அந்த மண்டபத்துக் கொட்டகையில கட்டிலை விட்டு நான் எந்திரிக்கவே இல்லையே, எப்படி மூணு தரம் விழுவேன்?”