முன்மொழிபவர் எனிட்

கிளைவ் ஹாக்ஸ்வொர்த் நின்ற நாலு நாடாளுமன்றத் தேர்தலிலும் அவனுடைய வேட்புமனுவில் முன்மொழிபவர் எனிட் பிரௌன்லோதான். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மழையில் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டவள். "கதவைச் சாத்துங்க, வந்தவங்க போதும்" என்று வெளிநாட்டிலிருந்து குடியேறுகிறவர்களைப் பற்றி டிவியில் அவன் சொல்லப்போக, பாதி நாடு அவனைத் தலையில் தூக்கி வைத்தது, பாதி நாடு காறித் துப்பியது. அன்று அவன் கோட்டில் விழுந்த முட்டையைத் துடைத்ததும் எனிட்தான்.

இந்த முறை அந்த இடம் தானுத்தேவுக்காம்! முட்டைக்கோஸ் பொதியும் கொட்டகையில் மேஸ்திரி. லித்துவேனியாக்காரி.

"வந்தவளே போதும்ங்கிறா. இனி எவன் என்னை இனவெறியன்னு சொல்லுவான்?" என்றான் கிளைவ். "பத்துப் பேர்ல நீங்க ஏழாவதா கையெழுத்துப் போடுங்க, எனிட்."

ஏழாவதா! எனிட்டுக்கு வயிறு பற்றி எரிந்தது. தானுத்தே வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறான், டீ கலந்து கொடுக்கிறான். தனக்கு எந்தக் காலத்தில் கொடுத்தான்?

கையெழுத்துப் போட்டவர்களின் வாக்காளர் எண்ணை நிரப்புவது எனிட்டின் வேலை. நிரப்பும்போது பார்த்தாள்: பட்டியலில் தானுத்தே பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாள எழுத்து. அவள் குடியுரிமை வாங்கவில்லை. கவுன்சில் தேர்தலில்தான் அவளுக்கு ஓட்டு. நாடாளுமன்றத்துக்கு யாரையும் முன்மொழிய முடியாது.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவள் மூக்கு உடையட்டும். எனிட் புது மனு ஒன்றில் முதல் வரியில் தன் பெயரை எழுதி, ஒன்பது வீடு ஏறிக் கையெழுத்து வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள். நாலு மணிக்கு மேல் மனு வாங்கமாட்டார்கள். மூன்றரைக்கு நகர மன்றத்தில் அதிகாரி காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

"முன்மொழிஞ்சவங்களுக்கு இதுல தகுதி இல்லையே."

"மே மாசம் ஓட்டுப் போட்டேனே!" என்றாள் தானுத்தே.

"அது கவுன்சிலுக்கும்மா."

கிளைவுக்குப் பேயறைந்த முகம். எனிட் அதை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறந்தாள்.

"எனிட், நீங்க தெய்வம்!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். மனு ஏற்கப்பட்டது. முதல் பெயர் அவளுடையது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே படியில் கிளைவ் தன் ஃபோனை அவளிடம் நீட்டினான். நீட்டிவிட்டு, தானுத்தே தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"ரெண்டு பேரும் படத்துல நல்லா விழணும், எனிட். கொஞ்சம் பின்னாடி போங்க."

"அவங்கதானே கையெழுத்துப் போட்டாங்க?" தானுத்தே நெளிந்தாள். "அக்கா, நீங்க வாங்க. நான் எடுக்கறேன்."

"அட, சும்மா நில்லும்மா. மனுவை எவன் படிக்கப் போறான்? படத்தைத்தான் பார்ப்பான்" என்றான் கிளைவ். "அவங்களை வச்சு எடுத்தா யாரு பார்ப்பா?"

எனிட் ரெண்டு படி பின்னால் இறங்கி, ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.