நடுச்சுவருக்கு இரண்டு மன்னிப்பு

வாலு என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அந்த ஏழு வயதுப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் அவளுடைய சித்தி. சித்திக்குப் பகலில் நகல் எடுக்கும் கடையில் வேலை, சாயங்காலம் புரோகிராம் எழுதும் வகுப்பு. முதல் பாடத்தன்று அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"இப்ப நான்தான் கம்ப்யூட்டர். எனக்குச் சொந்த புத்தி கிடையாது. நீ சொல்றதை மட்டும்தான் செய்வேன்."

"சொந்த புத்தி கிடையாதுன்னு அம்மாவும்தான் சொல்றாங்க."

"உங்கம்மா கிடக்கா. கட்டளை போடுடி."

"முன்னாடி நட."

சித்தி நடந்தாள். நேரே போய் அலமாரியில் முட்டிக்கொண்டாள். முட்டிய பிறகும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்கிறியா? நில்லுன்னு நீ சொல்லவே இல்லையே!"

அன்றைக்கே வாலுவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அம்மாவின் பழைய லேப்டாப்பில், கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மூன்று வாரத்தில் வாலு ஓர் எறும்பை நடக்கவிட்டாள். திரையில் வரைந்த இரண்டு அறை வீட்டில் அது சர்க்கரை தேடி அலையும். சுவரில் முட்டினால் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பும். இரண்டு அறைக்கும் இடையிலுள்ள சுவரில் முட்டினால் மட்டும் இரண்டு தடவை சொல்லும்.

அது ஏன் என்று சித்தி கேட்கவில்லை. அவளுக்கு அவள் கவலை. வகுப்பின் கடைசி நாளில், வரியாக எழுதியோ கட்டையாக அடுக்கியோ, ஆளுக்கொரு புரோகிராம் செய்து காட்டினால்தான் சான்றிதழ். அது கிடைத்தால்தான் நகல் கடையை விட்டு வேறு வேலைக்குப் போகலாம். அவளோ பத்து வரி எழுதுவாள், "சே, தப்பா இருக்கும்" என்று பன்னிரண்டு வரியை அழிப்பாள்.

கடைசி நாளன்று அம்மாவுக்கு மாலை ஷிப்ட். அதனால் வாலுவும் சித்தியோடு வகுப்புக்குப் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சித்தியின் முறை வந்தது. பெரிய திரையில் எறும்பு நடந்தது.

என் எறும்பு! சித்தி சொல்லவே இல்லையே! வாலு அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டாள். இப்போது சித்தி பின்னால் திரும்பி, இதைச் செய்தவள் அதோ இருக்கிறாள் என்பாள். எல்லோரும் பார்ப்பார்கள். எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே கை காட்டுவதா என்றுதான் வாலுவுக்குக் குழப்பம்.

"பிரமாதம்மா! சுவருகிட்ட மன்னிப்புக் கேக்குது பாருங்க!" வகுப்பு நடத்துகிறவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களே யோசிச்சதா?"

"ஆமா சார்."

வாலுவின் கால் ஆட்டம் நின்றது.

"அதென்ன, நடுச்சுவத்துக்கு மட்டும் ரெண்டு தடவை?"

சித்தி திரையைப் பார்த்தாள். விடை வாலுவின் தொண்டை வரை வந்துவிட்டது: நடுச்சுவருக்கு அந்தப் பக்கமும் வலிக்கும், அங்கேயும் ஓர் அறை இருக்கிறதே. சித்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும்.

"அது... தப்பா விழுந்திருக்கு சார். எடுத்துடறேன்."

எடுத்தும்விட்டாள். இரண்டாவது மன்னிப்புக் கட்டையை இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தில் போட்டாள். எறும்பு மறுபடி நடந்து, நடுச்சுவரில் முட்டி, ஒரே தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது.

"இப்ப கச்சிதம்," என்றார் அவர். பின்வரிசையைப் பார்த்து, "பாப்பாவுக்கும் கத்துக்கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"சின்னப் பொண்ணு சார். அவளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!"

திரும்பும் வழியெல்லாம் சித்திதான் பேசினாள். "கோவமாடி? எனக்கு வேற வழி தெரியலை. எழுதினதெல்லாம் சொதப்பல். நாளைக்கே போய் சார்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன், சரியா? ஏதாவது பேசேன். நாலு திட்டாவது திட்டேன்."

வாலு திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"என் எறும்பை வேற யாரும் திறக்க முடியாம பண்ணலாமா?"

சித்தி குனிந்து இடத்தைக் காட்டினாள். "இங்க பாஸ்வேர்டு போடணும். போட்டுட்டு யாருக்கும் சொல்லக்கூடாது."

"உனக்கும்?"

"...எனக்கும்தான்."

"அப்ப அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

சித்தி வாசற்கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாலு ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். லேப்டாப் இன்னொரு தடவை போடச் சொன்னது, போட்டாள். திரையில் பூட்டு விழுந்தது.

"முடிஞ்சுதா கண்ணு? திரும்பட்டுமா?"

"இன்னும் முடியலை," என்றாள் வாலு, கையை மடியில் வைத்துக்கொண்டு.